பச்சை வாசல்

மார்கழி விடியலில் ஈரோட்டுத் தெருக்களிலோ திருப்பூரின் பழைய வீதிகளிலோ நடந்தால் வாசல்கள் பச்சையாகத் தெரியும். சில வீடுகளில் மஞ்சள். ஈரம் காயும்வரை அந்த நிறத்துக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. அதன்மேல் வெள்ளைக் கோலம் எடுப்பாக விழும். வெளியூர்க்காரர்கள் சாணி தெளித்த வாசல் என்றே நினைப்பார்கள். மளிகைக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் பொட்டலங்களில் ஒன்றைக் கிழித்து, பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் கலக்கித் தெளித்தது அது. கொங்கு நாட்டில் அதற்குச் சாணிப்பவுடர் என்று பெயர். பொடி தண்ணீரில் விழும்போது முதலில் கரும்பச்சையாக ஒரு நூல் இறங்கும். கையை விட்டு அளைந்தால் பக்கெட் முழுக்கப் பச்சை. அளைந்த கையிலும் நகக்கண்ணிலும் அந்த நிறம் நாள்கணக்கில் நிற்கும்.

"வெறுந் தண்ணி தெளிச்சா வாசல் வெறிச்சுன்னு கெடக்குதுங்க. இதப் போட்டாத்தான் ஒரு லட்சணம்" என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லில் சோம்பலோ அலட்சியமோ இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து, குனிந்து, பெருக்கி, தெளித்து, கோலமிட்டு, அதன்பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போகிறவர்கள் அவர்கள். வீட்டுக்குள் நஞ்சு எப்படி வருகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாசல்தான் முன்னால் வந்து நிற்கிறது. வீட்டின்மேல் மிகுந்த அக்கறையுள்ள ஒருத்தியின் கையாலேயே அது வருகிறது.

பச்சைப் பொட்டலத்தில் இருப்பது மாலகைட் கிரீன். மஞ்சளில் இருப்பது ஆரமைன். துணிக்கும் காகிதத்துக்கும் தோலுக்கும் நிறமேற்றுவதற்காக உண்டான செயற்கைச் சாயங்கள் இவை. சாணிக்கும் இவற்றுக்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆரமைன் தயாரிக்கும் தொழிலில் இருந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்ததைப் பார்த்து, அந்தத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. மாலகைட் கிரீனின் கதை இன்னும் விசித்திரமானது. பச்சைப் பட்டாணியும் வெண்டைக்காயும் பளிச்சென்று தெரிவதற்காக வியாபாரிகள் அந்தச் சாயத்தில் முக்குவதுண்டு. அதைக் கண்டுபிடிக்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நுகர்வோருக்கு ஒரு எளிய சோதனையைச் சொல்லித்தருகிறது. திரவ பாரஃபினில் நனைத்த பஞ்சால் காயின் தோலைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு பச்சையானால் கலப்படம். அப்படித் துடைத்துப் பார்த்துக் காயைக் குப்பையில் கொட்டுகிற அதே வீட்டின் வாசலில், குழந்தை தவழ்ந்து வரும் இடத்தில், அதே சாயத்தை வாளிவாளியாக ஊற்றுகிறோம்.

மண்வாசலில் சாணிக்கு ஒரு வேலை இருந்தது. புழுதியைப் பிடித்து வைத்தது, தரையை இறுக்கியது. வாசல் சிமென்ட் ஆனதும் அந்த வேலை முடிந்துவிட்டது. மாடும் போயிற்று. ஆனால் விடிந்ததும் வாசல் பச்சையாக இருக்க வேண்டும் என்ற கடமை மட்டும் பெண்கள் தலையில் மிச்சமாகத் தங்கிவிட்டது. தறியும் சாயப்பட்டறையும் நிறைந்த ஊர்களில் நிறத்துக்கா பஞ்சம்? வேலையில்லாத ஒரு நிறத்தைக் காப்பாற்றுவதற்காகக் கைகள் சாயத்தில் நனைகின்றன. இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. வாசல் லட்சணமாக இல்லையென்றால் பேச்சு வாங்குபவள் அவள்தான். பேச்சு வாங்கக் கூடாது என்று தெளித்துவிட்டுச் சாயத்தைத் தோலில் வாங்கிக்கொள்பவளும் அவள்தான். வெறும் தண்ணீர் தெளித்த வாசலில் கோலம் நன்றாகவே நிற்கும். காய்ந்த சிமென்டைவிட ஈரச் சிமென்டில் இன்னும் நன்றாக.

அந்தப் பொட்டலத்தைப் பற்றிக் கோவை, ஈரோடு மருத்துவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. மனம் உடைந்த ஒரு நாழிகையில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்துவிடுகிறது. இதைப் பற்றி அப்பகுதி மருத்துவர்கள் ஆய்விதழ்களில் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்பதே ஓர் உயிரின் கணக்கை மாற்றிவிடும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. இலங்கையில் 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 பேராக இருந்தது. அந்த ஆண்டிலும் அதையடுத்தும் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்த நாடு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 2005இல் விகிதம் 24 ஆயிற்று. போர் முடிந்துவிடவில்லை, வறுமை தீரவில்லை, குடும்பச் சண்டைகளும் நின்றிருக்காது. வீட்டிலும் கொட்டகையிலும் அந்த மருந்துப் புட்டிகள் இல்லாமல் போயின. அந்த நாழிகையைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு வாழவே விரும்புகிறார்கள் என்பது மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. வீட்டிலிருந்து ஒரு நஞ்சை வெளியேற்றுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாசலைத் தாண்டி உள்ளே போனால் குளியலறை. சைக்கிளிலோ தள்ளுவண்டியிலோ "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு வருபவர் நம் வீட்டுப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலிலேயே ஊற்றித்தந்துவிட்டுப் போவார். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. வாங்குபவரின் பெயர், முகவரி, என்ன காரணத்துக்காக வாங்குகிறார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. தெருவில் கூவி வருபவரிடம் ஏது பதிவேடு? தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அந்தப் பாட்டிலின் வடிவம்தான் தெரியும். ஒரே ஒரு மடக்கு உணவுக்குழாயை வெந்துபோகச் செய்யும். ஆறிய புண் சுருங்கி, அந்தப் பிள்ளை வருடக்கணக்கில் குழாயை விரிவாக்கும் சிகிச்சைக்கு அலையும். இதைத் தடுக்கப் பணம் வேண்டாம், படிப்பும் வேண்டாம். குடிக்கும் பொருளின் பாட்டிலில் குடிக்கக் கூடாததை ஊற்றிவைக்காமல் இருந்தால் போதும்.

அதே குளியலறையில் இன்னொன்றும் நடக்கிறது. கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடரையும் தூவித் தேய்ப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள்மேல் திறந்துவிடப்பட்ட அதே வாயு. ஜன்னலில்லாத நாலடி அறையில், குனிந்து தேய்க்கும் ஒருவரின் மூக்குக்கு நேராக அது எழுகிறது. கண் எரியும், தொண்டை இறுகும், இருமல் நிற்காது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் அங்கே குனிந்திருப்பவர் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. ஒரு வீட்டில் அரைமணி நேரம் என்றால் அவருக்கு அப்படி நான்கைந்து வீடுகள். நம் வீட்டு ஆசிட்டின் அளவு மட்டும் நமக்குத் தெரியும். எல்லா வீட்டு ஆசிட்டும் சேர்ந்த கணக்கு அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. அவருக்குக் கையுறை வாங்கித்தரும் வீடுகள் எத்தனை? வீட்டில் ரசாயனத்தைக் குறைப்பது பற்றிய அறிவுரைகள் எல்லாம் வீட்டுக்காரரை நோக்கியே பேசுகின்றன. சம்பளத்துக்காக அதே வீட்டுக்குள் மூச்சுவிடுகிறவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை சோப்புத்தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டால் ஆசிட் தேவைப்படும் அளவுக்குக் கறை ஏறாது. உப்புத்தண்ணீர்க் கறையென்றால் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். வினிகரையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரை எந்த அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. வெண்மை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

படுக்கையறையில் கொசுவத்தி. அந்தப் பச்சைச் சுருளில் கொசுவை விரட்டும் மருந்து நூற்றில் ஒரு பங்குகூட இராது. மற்றதெல்லாம் மரத்தூள், சிரட்டைப்பொடி, மாவுப்பசை. அவைதான் இரவு முழுக்கப் புகைகின்றன. 2003இல் சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று, ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம் என்று கண்டது. ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு 51 சிகரெட்டுகள் அளவுக்குக்கூட இருந்தது. பிள்ளையைக் கொசு கடிக்கக் கூடாதென்று கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டுச் சுருளைக் கட்டிலுக்கடியில் வைக்கிறோம். டெங்குவுக்குப் பயந்து வைத்தோம் என்றால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும்தான் அதன் வேலை. அது முட்டையிடுவது ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டிலும், மூடாத சின்டெக்ஸ் தொட்டியிலும், மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்த்தொட்டியிலும். வாரம் ஒருமுறை அந்தத் தண்ணீரைக் கொட்டிக் காயவிடுவது பத்துச் சுருளைவிட மேல். ராத்திரிக்குக் கொசுவலை. வலையை நாலு பக்கமும் செருகிப் படுப்பது பழைய தலைமுறைக்குக் கைவந்த வேலை. அந்த வலைகள் எப்போது நம் வீடுகளிலிருந்து போயின என்று யோசித்தால், ஸ்விட்சில் செருகும் குப்பிகள் வந்த காலத்தோடு அநேகமாகப் பொருந்தும்.

பீரோவைத் திறந்தால் பாச்சை உருண்டை. அந்துருண்டை என்றும் சொல்வார்கள். நாப்தலின். திறந்ததும் முகத்தில் அறையும் அந்த வாசனையோடு நம்மில் பலருக்குப் பட்டுப்புடவையின் ஞாபகமும் பாட்டியின் ஞாபகமும் கலந்தே இருக்கும். அதனாலேயே அதைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை. பிள்ளை பிறந்ததும் வீட்டில் முதலில் தேடுவது பழைய நூல்புடவையை. புதுத்துணி உறுத்தும், பலமுறை துவைத்து நைந்த பாட்டி புடவைதான் தூளிக்கு ஏற்றது. அந்தப் புடவை பீரோவின் அடித்தட்டில் உருண்டைகளுக்கு நடுவே வருடக்கணக்கில் கிடந்தது. சில குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு. பார்த்தால் தெரியாது. நாப்தலின் ஆவி ஏறிய துணியில் அப்படிப்பட்ட பச்சிளங்குழந்தையைப் போர்த்தினால் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள்காமாலை ஏறும். மூளையைத் தாக்கும் அளவுக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பாட்டியின் மடிச்சூடு பேரப்பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்றுதான் அந்தப் புடவையை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியதுதான். அதற்கு முன் நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, துவைத்து, மறுபடி காயப்போட்டு, வாசனை துளியும் இல்லை என்று முகர்ந்து பார்த்தபின் கட்ட வேண்டும். பிள்ளை உண்டானது தெரிந்த நாளிலேயே பீரோவிலிருந்து உருண்டைகளை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பேச்சு எழும். அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லை. சாம்பலும் சீயக்காயும் மண்சட்டியுமாக எல்லாம் இயற்கையாக இருந்தது. அங்கே திரும்பிவிட்டால் போதும் என்று. பாதிக்கு நான் இதை ஒப்புக்கொள்கிறேன். சாம்பல் போட்டுத் தேய்த்த பித்தளையின் பளபளப்பு எந்த ஜெல்லிலும் வராது. மறுபாதிக்கு ஈயச்சொம்பு இருக்கிறது.

ஈயச்சொம்பு ரசத்தின் மணத்துக்கு ஈடில்லை என்பார்கள் தஞ்சைப் பக்கத்தில். நல்ல சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, தீங்கில்லாதது. 232 டிகிரியில் உருகிவிடும் உலோகம் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்க மாட்டார்கள்; ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் தீ. நம் பாட்டிகள் எண் தெரியாமலே அந்த எண்ணைத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டையும் சேர்த்து வார்த்தால் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. காரீயம் கலந்த சொம்பில் புளி கொதித்தால், புளியின் அமிலம் காரீயத்தைக் கரைத்து ரசத்துக்குள் இறக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கும் இதே ஆபத்து உண்டு. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறி எதுவும் காட்டாது. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, ஒரு இடத்தில் உட்காரவில்லை என்று அடி வாங்குவதோடு அது முடிந்துபோகும். 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவுக்குக் காரீயம் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் சுமார் 27 கோடி. சொம்பை நம்பகமான இடத்தில் சோதித்து வாங்கலாம். சோதிக்க வழியில்லையென்றால் எவர்சில்வரில் வைத்த ரசமும் ரசம்தான். பிள்ளைக் கண்ணுக்கு இடும் மையும் அப்படித்தான். கடையில் விற்கும் சுர்மா என்ற கண்மைகள் சிலவற்றில் பாதிக்குமேல் காரீய சல்ஃபைடு. பழையது என்பதற்காக ஒன்றை வீட்டுக்குள் விட முடியாது. புதியது என்பதற்காக ஒன்றைத் துரத்தவும் முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையிலெடுத்து, எதனால் ஆனது, எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பதைத் தவிர குறுக்குவழி இல்லை.

கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சூடான சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டித்தரும் ஹோட்டலுக்குத் தூக்குவாளியோடு போகலாம். 2019 ஜனவரி 1 முதல் அப்படிப்பட்ட பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருந்தும் தூக்குவாளிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் பெட்ரோலில் காரீயம் கலந்திருந்த காலத்தில் எந்த இல்லத்தரசியின் கவனமும் எந்தப் பிள்ளையையும் காப்பாற்றியிருக்க முடியாது. தெருவில் ஓடிய ஒவ்வொரு வண்டியும் அதைப் புகையாக வீட்டுக்குள் அனுப்பியது. 2000இல் இந்தியாவில் அது நின்றபோது, காற்றிலும் காரீயம் குறைந்தது. யாரும் லேபிள் படித்து அதைச் சாதிக்கவில்லை. ஒரு உத்தரவு வந்தது, நிறைவேறியது. சாணிப்பவுடருக்கும் அப்படியொரு நாள் வர வேண்டும். பறிமுதல் செய்திகளும் தடை பற்றிய அறிவிப்புகளும் அவ்வப்போது வருகின்றன. பொட்டலங்கள் வேறு பெயரில் வேறு கடையில் தொங்குகின்றன. கோலமாவு வண்ணப்பொடி என்றோ வாசல் பொடி என்றோ விற்பதை விற்பவரின் மனச்சாட்சிக்கும் வாங்குபவளின் விழிப்புணர்வுக்கும் விட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை.

பெயின்ட் விஷயத்தில் அந்த உத்தரவு வந்துவிட்டது. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக் கூடாதென்று 2016இல் மத்திய அரசு விதி செய்தது. 2017 நவம்பர் முதல் நடைமுறை. அதற்குமுன் அடித்தது சுவரில்தான் இருக்கிறது. கதவிலும் ஜன்னல் கம்பியிலும் பழைய எனாமல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது, மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக. அந்த நிறங்களில்தான் காரீயம் அதிகம். அது சும்மா கிடக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தூளாகி எழுகிறது.

நம் வீடுகளில் அதைத் தேய்ப்பது எப்போது? பொங்கலுக்கு. அல்லது பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு என்று நாள் குறித்தபிறகு. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்கு வருவாள், நாலு பேர் வந்து பார்ப்பார்கள், வீடு பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று பெயின்டரைக் கூப்பிடுகிறார்கள். வயிற்றுப்பிள்ளைக்கும் தொப்புள்கொடி வழியாகக் காரீயம் போய்ச்சேரும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திராது. பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமென்றால் அவள் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அடித்துவிடலாம். அல்லது பிள்ளை பிறந்து, அவர்கள் ஊர் திரும்பியபிறகு. சுரண்டும்போது சுவரையும் கதவையும் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்டச் சொல்ல வேண்டும். உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம். தரையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, உதிர்ந்ததை அதோடு சுருட்டி எடுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்; ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். பெயின்டர் வேலை முடித்து அதே சட்டையோடு வீட்டுக்குப் போனால் அவர் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். அவருக்கு ஒரு நல்ல மாஸ்க்கும், கிளம்புமுன் கைகால் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ள ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் வீட்டுக்காரர்கள் கொடுக்கலாம். கூலி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிவிடலாம்.